புது மாத்திரை, புது இருமல்: பக்கவிளைவைக் கவனிக்கப் பழகுவது எப்படி?

அம்மாவுக்கு அப்போது 62 வயது. பி.பி. இருப்பது தெரிந்ததும் எங்கள் ஊர் டாக்டர் ஒருவர் எனலாபிரில் 5 மி.கி. மாத்திரை எழுதிக் கொடுத்தார். சுமார் மூன்று வாரம் கழித்து இருமல் ஆரம்பித்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டையில் யாரோ இறகை வைத்து வருடுவதுபோல ஒரு அரிப்பு, அதைத் தொடர்ந்து விடாத வறட்டு இருமல். படுத்தால் இன்னும் அதிகம்.

மார்கழி மாதம் என்பதால் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம். மருந்துக்கடையில் ஒரு இருமல் சிரப் வாங்கினோம். பாட்டில் காலியானது, இருமல் போகவில்லை. வேறொரு டாக்டரிடம் போனபோது ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் தந்தார். அதுவும் முடிந்தது. பிறகு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை எல்லாம் எடுத்தோம். எல்லாமே சரியாக இருந்தது. இதற்கிடையில் அம்மா தன் பங்குக்கு நாட்டு மருந்துக்கடையில் அதிமதுரம் வாங்கி, துண்டு துண்டாக வாயில் அடக்கிக்கொண்டிருந்தாள். பி.பி.யும் குறையவில்லை. எனலாபிரில் 10 மி.கி. ஆனது. இருமல் கூடியது.

இப்படி நான்கு மாதம் போனது. கடைசியில் அரசு மருத்துவமனை புறநோயாளிப் பிரிவில் ஓர் இளம் பெண் டாக்டர், ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைப்பதற்கு முன்பே கேட்டார்:

“அம்மா, இருமல் வர்றதுக்கு முன்னாடி புதுசா ஏதாவது மாத்திரை ஆரம்பிச்சீங்களா?”

“பி.பி. மாத்திரை மட்டும்தாங்க டாக்டர். சின்னதா வெள்ளையா இருக்கும்.”

“பேரு தெரியுமா?”

அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு போன் போட்டு, தம்பி அட்டையைப் படம் பிடித்து அனுப்பிய பிறகுதான் பெயரே தெரிந்தது. டாக்டர் அதை மாற்றி டெல்மிசார்டன் எழுதினார். மூன்றாவது வாரத்தில் இருமல் நின்றுவிட்டது. சிரப் இல்லை, ஆன்டிபயாடிக் இல்லை, தானாகவே நின்றது.

அந்த நான்கு மாதமும் மாத்திரைப் பெட்டி எங்கள் கண் முன்னால்தான் இருந்தது. வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்ததே நான்தான். கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். இன்று டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பக்கவிளைவு ஏன் வருகிறது?

மாத்திரைக்கு விலாசம் தெரியாது. தலைவலி மாத்திரை தலைக்கு மட்டும் போவதில்லை. வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை போகிறது. தான் செய்யும் வேலைக்கு எங்கெல்லாம் இடம் இருக்கிறதோ அங்கெல்லாம் செய்கிறது. நமக்கு வேண்டிய இடத்தில் நடந்தால் குணம் என்கிறோம். வேண்டாத இடத்தில் நடந்தால் பக்கவிளைவு என்கிறோம்.

அம்மாவின் இருமலையே எடுத்துக்கொள்ளலாம். நம் உடம்பில் ஏ.சி.இ. என்றொரு நொதி இருக்கிறது. ரத்தக்குழாயை இறுக்கும் ஒரு பொருள் உருவாக அது உதவுகிறது. எனலாபிரில், ராமிபிரில் போன்ற மாத்திரைகள் அந்த நொதியைத் தடுக்கின்றன. குழாய் தளர்கிறது, அழுத்தம் குறைகிறது. ஆனால் அதே நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிராடிகினின் என்ற பொருளைச் சிதைத்து அகற்றுவதும் அதுதான். நொதியைத் தடுத்துவிட்டால் பிராடிகினின் தேங்குகிறது. அது மூச்சுக்குழாயின் நரம்புமுனைகளைச் சீண்ட, வறட்டு இருமல் வருகிறது. இந்த வகை மாத்திரை சாப்பிடுபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது வரலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஆரம்பித்த சில நாளிலும் வரும், சில மாதம் கழித்தும் வரும். டெல்மிசார்டன், லோசார்டன் வகை மாத்திரைகள் அந்த நொதியைத் தொடாமல் வேறு இடத்தில் வேலை செய்வதால் அவற்றில் இந்த இருமல் மிகவும் குறைவு.

இதன் கதையைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. பிராடிகினின் 1949-ல் பிரேசிலில் கண்டுபிடிக்கப்பட்டது, ஜராராக்கா என்ற விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்தபோது. அந்தப் பாம்பு கடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து விழும். நஞ்சில் இருந்த சிறு புரதத் துண்டுகள் பிராடிகினினைச் சிதையாமல் காப்பதைப் பிறகு கண்டார்கள். அந்தத் துண்டுகளை முன்மாதிரியாக வைத்து உருவாக்கியதுதான் இந்த மாத்திரைக் குடும்பத்தின் மூத்த பிள்ளையான காப்டோபிரில். 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆக, அழுத்தம் குறைவதும் இருமல் வருவதும் ஒரே வேரிலிருந்து கிளம்புகிறவை. ‘மாத்திரை சூடு’ என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்குப் பின்னால் இப்படிப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு காரணம் பெரும்பாலும் இருக்கிறது.

எல்லாப் பக்கவிளைவும் இதே மாதிரி வருவதில்லை. சிலவற்றில் மருந்து தன் வேலையையே அளவுக்கு மீறிச் செய்துவிடுகிறது. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை அதிகமாகக் குறைத்துவிடுவது அப்படித்தான். இன்னொரு வகை ஒவ்வாமை. மருந்தை உடம்பு எதிரியாக எண்ணிப் போர் தொடுப்பது. இது யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம், ஒரே ஒரு மாத்திரையிலும் வந்துவிடலாம். முதல் இரண்டையும் அளவை மாற்றியோ மருந்தை மாற்றியோ சமாளிக்கலாம். மூன்றாவது வந்தால் அந்த மருந்தின் பெயரை ஆயுளுக்கும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கால் தடிப்பு வந்தவர், அடுத்த முறை எந்த டாக்டரிடம் போனாலும் உட்கார்ந்தவுடன் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஒரு பக்கவிளைவு, இரண்டாவது மாத்திரை

எங்கள் வீட்டில் நடந்ததை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோய் என்று எண்ணி அதற்கு இன்னொரு மருந்து, அதன் பக்கவிளைவுக்கு மூன்றாவது மருந்து என்று சங்கிலி நீள்வது. அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரை சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். அதைப் பார்த்து நீர் பிரியும் மாத்திரை எழுதுவார்கள். அதனால் ராத்திரி நாலு முறை எழுந்து போகவேண்டி வரும். இருட்டில் தடுமாறி விழும் பாட்டியின் இடுப்பு எலும்பு முறியும். எலும்பு முறிவுக்கும் அம்லோடிபினுக்கும் தொடர்பு உண்டு என்று அந்த வீட்டில் யாருக்குத் தோன்றும்?

அம்மாவின் அதிமதுரமும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான். அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் என்ற பொருள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. எப்போதாவது ஒரு துண்டு மெல்லுவதில் பெரிய ஆபத்தில்லை. தினமும் மாதக்கணக்கில் என்றால் விஷயம் வேறு. பி.பி. குறையாமல் நின்றதற்கு அதுதான் முழுக் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பி.பி. மாத்திரை தந்த இருமலுக்கு, பி.பி.யை ஏற்றும் வேரை மென்றுகொண்டிருந்தாள் என்பது உண்மை. எங்களிடம் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நாட்டு மருந்தைச் சொன்னால் டாக்டர் திட்டுவார் என்ற தயக்கம். சித்த மருந்தோ, லேகியமோ, பாட்டி வைத்தியக் கஷாயமோ, ஜிம்மில் கொடுத்த பொடியோ, எதுவானாலும் மாத்திரைப் பட்டியலோடு சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம்.

அட்டையைப் படிப்பது

சீட்டில் எழுதியிருக்கும் பெயர் பெரும்பாலும் கம்பெனி வைத்த பெயர். மருந்தின் உண்மையான பெயர் அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும், பக்கத்தில் அளவு மி.கி. கணக்கில். கடையில் ‘பவர்’ என்று சொல்வது இந்த எண்ணைத்தான். ஒரே மருந்து நம் நாட்டில் பல கம்பெனிப் பெயர்களில் வருகிறது. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தவர் அங்கே கொடுத்த மாத்திரையையும் ஏற்கெனவே வீட்டில் இருந்த மாத்திரையையும் சேர்த்து விழுங்குவதும், இரண்டும் ஒன்றே என்பது தெரியாமல் போவதும் அடிக்கடி நடக்கிறது. வீடு வந்த அன்றே பழைய பெட்டியையும் புதுப் பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்பக்கப் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து. ஆன்டிபயாடிக்குகளைத் தானாக வாங்கி விழுங்குவதைக் குறைக்க 2016-ல் மத்திய அரசு இந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றித் தனியாகவே பிரசாரம் செய்தது. பெயரைச் சொல்லிக் கேட்டால் பல கடைகளில் இப்போதும் கொடுத்துவிடுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். கொடுக்கிறார்கள் என்பதற்காக வாங்கவேண்டியதில்லை. போன தடவை காய்ச்சலுக்குத் தந்த சீட்டை இந்தத் தடவைக் காய்ச்சலுக்கு நீட்டுவதும் அதே தப்புத்தான்.

இன்னொரு சின்ன விஷயம். நாலு மாத்திரை மட்டும் வெட்டி வாங்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் முனை கடையிலேயே தங்கிவிடும். “அண்ணே, தேதியையும் பேரையும் கவர்ல எழுதிக் குடுங்க” என்று கேளுங்கள். அரசு மருத்துவமனையில் காகிதக் கவரில் உதிரியாகத் தரும்போதும் மருந்தாளுநரிடம் இதையே கேட்கலாம். வரிசை நீளமாக இருந்தால் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. நிறத்தையும் வடிவத்தையும் நம்பி மாத்திரையை அடையாளம் வைத்துக்கொள்ள முடியாது. கம்பெனி மாறினால் வெள்ளை மஞ்சளாகிவிடும்.

சீட்டில் 1-0-1 என்றிருந்தால் காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று. இது பலருக்கும் தெரியும். தெரியாமல் போவது ‘எத்தனை நாளைக்கு’ என்பது. அதைவிட ஆபத்து ‘வாரத்துக்கு எத்தனை முறை’ என்பது. மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் சாப்பிடவேண்டிய மருந்து. அதைத் தினமும் விழுங்கியவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு, உயிரே போயிருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த மருந்து இருந்தால், இப்போதே எழுந்துபோய் அந்தக் கவரின் மேல் கிழமையைப் பெரிதாக எழுதிவிட்டு வாருங்கள்.

குழந்தைகளுக்கான சிரப்பை வீட்டு ஸ்பூனால் அளக்காதீர்கள், ஒவ்வொரு ஸ்பூனும் ஒவ்வோர் அளவு. மூடியில் கோடு போட்ட கப்போ ஊசியில்லாத சிரிஞ்சோ பயன்படுத்தலாம். பாராசிட்டமால் சிரப் ஒன்றில் 5 மி.லி.க்கு 120 மி.கி. இருக்கும், இன்னொன்றில் 250 மி.கி. இருக்கும், சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். பாட்டில் மாறினால் அளவும் மாறும்.

காபிக்கு முன்னா, பின்னா?

தைராய்டு குறைபாட்டுக்குத் தரும் லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கச் சொல்வார்கள். நம் வீடுகளில் அதற்குச் சவாலாக இருப்பது காலை ஐந்தரை மணி டிகிரி காபி. மாத்திரையையும் காபியையும் ஒன்றாக இறக்கினால் மருந்து உடம்பில் சேர்வது குறைந்துவிடும். இடையில் அரைமணி முதல் ஒரு மணி நேரம் வேண்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. மாத்திரை ‘வேலை செய்யவில்லை’ என்று 50-ஐ 75 ஆக்கி, 75-ஐ 100 ஆக்கியவர்களில் சிலருக்கு மாற்றவேண்டியிருந்தது காபி நேரத்தை மட்டும்தான்.

இதய வால்வு மாற்றியவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், அசெனோகூமரால் மருந்துகளுக்கு வேறு கணக்கு. கீரையில் வைட்டமின் கே அதிகம், அது இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். அதற்காகக் கீரையை ஒழித்துக்கட்ட வேண்டாம். ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று தாறுமாறாகச் சாப்பிடாமல், ஏறக்குறைய ஒரே அளவில் வைத்துக்கொண்டால் போதும். ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையைச் சொன்ன தேதியில் எடுத்து, அதற்கேற்ப அளவை டாக்டர் சரிசெய்வார். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டு, கறுத்த மலம் தெரிந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே காட்ட வேண்டும்.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் வீட்டில்

தனியாக ஒரு பகுதி எழுதும் அளவுக்கு இது முக்கியம். சர்க்கரை ஏறினால் மெல்லத் துன்புறுத்தும், இறங்கினால் சில நிமிடங்களில் ஆளைச் சாய்க்கும். கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு, இன்சுலின் போடுபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்குக் குறைவு. கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு, அகோரப் பசி, பார்வை மங்கல், சம்பந்தமில்லாத பேச்சு, திடீர் எரிச்சல். வயதானவர்களிடம் சில நேரம் வெறும் குழப்பமாகவோ சோர்வாகவோ மட்டும் தெரியும். ‘அப்பா என்னவோ மாதிரி பேசுகிறார்’ என்று தோன்றினால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். மீட்டர் கையில் இல்லையென்றால், குறைந்திருப்பதாகவே எண்ணிச் செயல்படுங்கள்.

நினைவோடு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், தேறவில்லை என்றால் இன்னொரு முறை. தேறியதும் இட்லியோ சோறோ ஏதாவது சாப்பிடவேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். 108-ஐ அழையுங்கள். மாத்திரையால் வந்த தாழ்சர்க்கரை, தெளிந்த பிறகும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப இறங்கலாம் என்பதால் ஆஸ்பத்திரியில் காட்டுவதே சரி.

இது எப்போது நடக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் சாப்பாடு தவறிய நாளில்தான். ஏகாதசி, கிருத்திகை விரதம், ரமலான் நோன்பு, கல்யாண வீட்டுத் தாமதப் பந்தி, வாந்திபேதி, வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்காக லேப் வாசலில் காத்திருக்கும் காலை. மாத்திரையை வழக்கம்போலப் போட்டுவிட்டு வயிற்றைக் காயப்போடுகிறோம். விரதமே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வாரம் முன்னால் டாக்டரிடம் கேட்டு அளவையும் நேரத்தையும் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மினைப் பல வருடமாகச் சாப்பிடுபவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம். கால் மரத்துப் போவதைச் சர்க்கரை நோயின் தலையில் கட்டிவிடாமல், பி12 அளவையும் பார்க்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

வலி மாத்திரை

மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்றவற்றை மிட்டாய்போல வாங்குகிறோம். அவை வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கலாம், பி.பி.யை ஏற்றலாம். எனலாபிரில் அல்லது டெல்மிசார்டன் வகை, கூடவே நீர் பிரியும் மாத்திரை, அதன்மேல் வலி மாத்திரை என்று மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கலாம். கோடையில் உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் இன்னும் மோசம். பி.பி. மாத்திரை சாப்பிடுபவர் மருந்துக்கடையில் வலி மாத்திரை கேட்கும்போது, “எனக்கு பி.பி. மாத்திரை ஓடிக்கிட்டிருக்கு” என்ற வார்த்தையைச் சேர்த்தே சொல்ல வேண்டும். பாராசிட்டமால் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது, ஆனால் அதற்கும் எல்லை உண்டு. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக்கூடாது, தாண்டினால் கல்லீரல் கெடும். மெலிந்தவர்களுக்கும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும், மது அருந்துபவர்களுக்கும் எல்லை அதைவிடக் குறைவு. சளி மாத்திரைகள் பலவற்றுக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருப்பதால் பின்பக்கத்தைப் படிக்காமல் கணக்குப் பார்க்க முடியாது.

நோட்டு

இருமல் நின்ற பிறகு நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கினேன். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகள். இப்போதைக்கு ஒரே வரி: ‘எனலாபிரில் – வறட்டு இருமல்’. அடுத்த பக்கத்தில் இப்போது சாப்பிடுபவை, பின்பக்கப் பெயர், அளவு, நேரம், எதற்காக, ஆரம்பித்த தேதி. ஆரம்பித்த தேதிதான் உயிர்நாடி. புதிதாக ஏதாவது தொந்தரவு வந்தால் முதலில் அந்தக் கட்டத்தைப் பார்க்கிறேன். புது மாத்திரை வந்ததா, அளவு மாறியதா, கம்பெனி மாறியதா, கடையில் வாங்கிய வேறெதுவும் சேர்ந்ததா?

புது மருந்து ஆரம்பித்த முதல் சில வாரம் தினமும் ஒரு வரி எழுதுகிறோம். தூக்கம், மலம், தலைசுற்றல், அரிப்பு, பி.பி. எண். பெரும்பாலான நாளில் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் இருக்கும். அந்த ‘ஒன்றுமில்லை’யும் டாக்டருக்கு உதவுகிறது. “ரொம்ப நாளா தலை சுத்துது டாக்டர்” என்பதற்கும், “மாத்திரையைக் கூட்டின நாலாம் நாள்ல இருந்து, படுக்கையை விட்டு எழுந்திரிக்கும்போது மட்டும் சுத்துது” என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! பின்னதைக் கேட்ட உடனே அவர் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பி.பி. பார்ப்பார்.

சில விளைவுகள் நமக்குத் தெரியவே தெரியாது, பரிசோதனையில் மட்டும்தான் தெரியும். எனலாபிரில், டெல்மிசார்டன் வகை ஆரம்பித்தபின் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) பொட்டாசியமும் பார்ப்பார்கள். தைராய்டு மருந்தின் அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்கவேண்டும். காசநோய் மருந்துக்குக் கல்லீரலும், எத்தாம்பியூட்டால் இருந்தால் கண்பார்வையும். (காசநோய் மருந்தில் உள்ள ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், அதற்குப் பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.) புது மருந்து எழுதும்போதே “இதுக்கு டெஸ்ட் எப்ப எடுக்கணும் டாக்டர்?” என்று கேட்டு, நோட்டில் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே இன்னொன்றும் கேட்கலாம்: “எது வந்தா பொறுத்துக்கலாம், எது வந்தா ஓடி வரணும்?”

ஓடவேண்டியவை எவை என்பதை நானும் சொல்லிவிடுகிறேன். உதடு, நாக்கு, முகம் வீங்குவது, மூச்சு முட்டுவது, உடம்பெங்கும் தடிப்போடு மயக்கம் வருவது. எனலாபிரில் வகையில் நாக்கு வீக்கம் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில் சாப்பிட்ட பிறகும் வரலாம். தோல் கொப்பளித்து உரிந்து, வாயும் கண்ணும் புண்ணாவது. வலிப்பு மருந்து, சல்ஃபா வகை மருந்து ஆரம்பித்த முதல் சில வாரங்களில் இதை விழிப்போடு பார்க்க வேண்டும். கண் மஞ்சளாவது, ரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம் (இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், அது வேறு). இவை வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.

மற்ற தொந்தரவுகளுக்கு நாமாகவே மருந்தை நிறுத்துவது ஆபத்து. வலிப்பு மருந்தைப் பட்டென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரும். பல வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு நிலைகுலையும். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளோபிடோகிரெலை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடலாம். ‘ஒத்துக்கொள்ளவில்லை, என்ன செய்யட்டும்?’ என்று டாக்டரிடம் கேட்ட பிறகு மாற்றுங்கள். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துப் போடவேண்டாம். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்குத் திட்டமிட்டாலோ எந்த மருந்தானாலும் உடனே சொல்லிவிடுங்கள். அம்மா சாப்பிட்ட எனலாபிரிலும், பிறகு மாற்றிய டெல்மிசார்டனும் கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது.

சொல்லவேண்டிய இடம்

1957-ல் ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகள் மசக்கைக்கும் அதைச் சாப்பிட்டார்கள். கைகால் வளராமல் குழந்தைகள் பிறந்தன. 1961 நவம்பரில் ஜெர்மனியில் அந்த மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். பல நாடுகளிலும் பிறந்த அப்படிப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டும் என்று கணக்கிடுகிறார்கள். தனித்தனி ஊர்களில் தனித்தனி டாக்டர்கள் பார்த்ததை ஒன்றுசேர்த்துப் பார்க்க அன்று வழி இல்லை. அதன் பிறகுதான் 1968-ல் உலக சுகாதார நிறுவனம் மருந்துகளின் பக்கவிளைவுகளை நாடுகள் சேர்ந்து திரட்டும் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவில் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-ல் ஆரம்பித்தது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது.

டாக்டர்கள் மட்டும்தான் அதற்கு எழுதவேண்டும் என்றில்லை. நோயாளியோ வீட்டில் இருப்பவர்களோ நேரடியாகத் தெரிவிக்கலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024, வேலை நாட்களில் காலை 9 முதல் மாலை 5.30 வரை. மருந்தின் பெயர், கம்பெனி, அட்டையில் உள்ள பேட்ச் எண், ஆரம்பித்த தேதி, என்ன ஆனது, எப்போது ஆனது என்று கேட்பார்கள். நோட்டையும் அட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.